கல்கரி ஆலை: நியூகாசில் பகுதியிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குவாசூலு-நேட்டாலின் வடக்கிலுள்ள நியூகாசில், டண்டீ, டான்ஹவுசர் ஆகிய ஊர்களில் நிலக்கரியோடோ உருக்கோடோ தொடர்பில்லாத தமிழ்க் குடும்பங்கள் குறைவு. ஆனாலும் உருக்காலை என்றதும் எல்லோருக்கும் இரும்புத் தாதுவை உருக்கி இரும்பு எடுக்கும் ஊதுலைதான் நினைவுக்கு வருகிறது. அதற்குத் தீனி தரும் கல்கரி ஆலையைப் பற்றிக் கேள்விகள் மட்டுமே எஞ்சுகின்றன. சூளைத் தளத்தில் பணியாற்றியவன் என்பதால் உறவினரும் நண்பரும் என்னிடம் கேட்பவற்றைத் தொகுத்து இங்கே விடை எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடலாம். கல்கரிச் சூளை, வேண்டும்போது மூட்டி வேண்டாதபோது அணைக்கக்கூடிய அடுப்பு அன்று. அந்த ஆலையின் வேலைமுறை, புகை, செலவு, இன்றைய சிக்கல் அனைத்தும் பெரும்பாலும் இந்த ஒரு காரணத்திலிருந்தே பிறக்கின்றன.

கல்கரி என்பது என்ன? நிலக்கரியை அப்படியே ஊதுலையில் போட்டால் ஆகாதா?

நிலக்கரியைக் காற்றுப் புகாத சூளையில் வைத்து 1,000 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றினால் அதிலுள்ள வாயுக்களும் தாரும் வெளியேறிவிடும். எஞ்சி நிற்கும் கெட்டியான, நுண்துளைகள் நிறைந்த, சாம்பல் நிறக் கரிமக் கட்டிதான் கல்கரி. ஆலையில் எல்லோரும் கோக் என்றே சொல்வார்கள்.

ஊதுலைக்குள் இதற்குப் பல வேலைகள் உண்டு. எரிந்து வெப்பம் தருகிறது. இரும்புத் தாதுவிலுள்ள ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் கார்பன் மோனாக்சைடு இதிலிருந்தே உண்டாகிறது. உருகிய இரும்பில் கரிமமும் இதிலிருந்தே சேருகிறது. இவற்றை நிலக்கரித் தூளோ இயற்கை வாயுவோ ஓரளவு பகிர்ந்துகொள்ள முடியும். பகிர்ந்துகொள்ள முடியாத வேலை ஒன்று இருக்கிறது. உலையின் அடிப்பகுதியில் தாதுவும் சுண்ணாம்புக்கல்லும் உருகிக் கூழாகிவிட்ட பின்னும் திடப்பொருளாக நிற்பது கல்கரி மட்டுமே. மேலே உள்ள பல நூறு டன் எடையைத் தாங்கிக்கொண்டு, கீழிருந்து காற்று மேலேறவும் மேலிருந்து உருகிய இரும்பு வடியவும் அதுவே இடைவெளி தருகிறது. பச்சை நிலக்கரி அங்கே இளகி ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும். மரக்கரி எடை தாங்காமல் நொறுங்கிவிடும்.

எல்லா நிலக்கரியும் கல்கரி ஆகுமா?

ஆகாது. தென்னாப்பிரிக்காவின் நிலைமை இங்கேதான் சிக்கலாகிறது. சூடேறும்போது இளகி, உப்பி, மறுபடி இறுகும் தன்மையுள்ள நிலக்கரி மட்டுமே இதற்குப் பயன்படும். முமலாங்கா மாகாணத்தில் மலைமலையாக வெட்டி மின்நிலையங்களுக்கு அனுப்பப்படும் நிலக்கரியில் பெரும்பகுதிக்கு அந்தத் தன்மை இல்லை. அதை எவ்வளவு சூடேற்றினாலும் தூளாகவே கிடக்கும். வடக்கு நேட்டாலின் சில படுகைகளில் நல்ல கல்கரி நிலக்கரி இருந்தது. டான்ஹவுசர் அருகே டர்னகால் என்று மக்கள் அழைத்த சுரங்கம், இஸ்கோர் உருக்கு நிறுவனத்துக்காகவே பல்லாண்டு அதை வெட்டித் தந்தது. அந்தப் படுகைகள் மெல்லியவை, வெட்டச் செலவு மிகுந்தவை. நாளடைவில் தீர்ந்தும் போயின. லிம்போபோவின் சிகொண்டெனி சுரங்கமும் 2014-இல் மூடப்பட்டது. லெபலாலே அருகே 1980-இல் தொடங்கிய குரூட்டகெலுக் சுரங்கம், இளகும் தன்மை நடுத்தரமான நிலக்கரியைத் தருகிறது. அதை மட்டும் வைத்து உறுதியான கல்கரி செய்ய முடியாது என்பதால் வெளிநாட்டு நிலக்கரியைக் கலக்கிறார்கள். நிலக்கரி ஏற்றுமதி செய்யும் நாடு கல்கரிக்கான நிலக்கரியை இறக்குமதி செய்வது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை.

இந்தத் தொழில் எப்படித் தோன்றியது?

1709-இல் இங்கிலாந்தின் கோல்புரூக்டேலில் ஆபிரகாம் டார்பி என்பவர் மரக்கரிக்குப் பதிலாகக் கல்கரியிட்டு ஊதுலையை வெற்றிகரமாக நடத்தினார். தொடக்கத்தில் நிலக்கரியைத் தரையில் குவித்து மூடிப் புகையவிட்டார்கள். பின்னர், தேன்கூட்டு வடிவில் செங்கல் கவிகை கட்டி அதற்குள் எரித்தார்கள். இரண்டிலுமே வாயுவும் தாரும் வானத்துக்குப் போயின.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி ஆகிய நாடுகளில் நிகழ்ந்த மாற்றமே இன்றைய ஆலைக்கு அடிப்படை. சூளைக்குள் எதையும் எரிக்காமல், இரண்டு சுவர்களுக்கு நடுவே நிலக்கரியை அடைத்து, சுவருக்குள் வாயுவை எரித்து வெளியிலிருந்து சூடேற்றும் முறை வந்தது. இதனால் நிலக்கரியிலிருந்து வரும் வாயு வீணாகாமல் குழாய்க்கு வந்தது. தார், அம்மோனியா, பென்சால் (பென்சீன் அடங்கிய எண்ணெய்) ஆகியவை விற்பனைப் பொருள்களாயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹைன்ரிஷ் காப்பர்ஸ் செம்மைப்படுத்திய, கழிவு வெப்பத்தைச் செங்கல் அறைகளில் சேமித்து மீண்டும் பயன்படுத்தும் அமைப்பின் வழிவந்தவைதான் இன்று உலகில் ஓடும் பெரும்பாலான சூளைகள். நூறாண்டுக்கு முந்தைய ஒரு சூளை வரைபடத்தை இன்றைய சூளையாள் ஒருவரிடம் கொடுத்தால் அவர் திகைக்கமாட்டார். அளவு பெரிதாகியிருக்கிறது, கருவிகள் கூடியிருக்கின்றன, அடிப்படை மாறவில்லை.

தென்னாப்பிரிக்காவில் எப்போது வந்தது? நம் முன்னோருக்கு இதில் பங்கு உண்டா?

1928-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இஸ்கோர் அரசு நிறுவனமாக உருவானது. ஹென்ட்ரிக் வான் டெர் பெயில் அதன் முதல் தலைவர். பிரிட்டோரியா ஆலையில் 1934-இல் உருக்கு உற்பத்தி தொடங்கியது. இரண்டாவது ஆலை அவர் பெயரையே தாங்கிய வாண்டர்பெயில்பார்க்கில் எழுந்தது. நியூகாசிலில் பெரிய ஆலை வந்தது 1970-களில். மூன்று இடங்களிலும் கல்கரிச் சூளைகள் கட்டப்பட்டன. பிரிட்டோரியாவில் ஊதுலைகள் நின்றுபோன பின்னும் அங்குள்ள சூளைகள் வெளிச்சந்தைக்காகக் கல்கரி தயாரித்தன. பெரோகுரோம் என்னும் இரும்பு-குரோமியக் கலவையை உருக்கும் ஆலைகளுக்கும் கல்கரி வேண்டும் என்பதால் இந்நாட்டில் அதற்கென ஒரு தனிச் சந்தை உண்டு. இஸ்கோர் 1989-இல் தனியார்மயமாகி, இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுவில் மிட்டல் குழுமத்தின் கைக்குப் போய், ஆர்செலர்மிட்டல் சவுத் ஆப்பிரிக்கா ஆனது.

நம் முன்னோரின் பங்கு ஆலையில் அல்ல, அதற்கு முந்தைய கட்டத்தில், சுரங்கத்தில் இருக்கிறது. 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்த டுரூரோ கப்பலைத் தொடர்ந்து வந்த ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். ஒரு பகுதியினர் வடக்கு நேட்டாலின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 1913 அக்டோபரில், ஒப்பந்தம் முடிந்தும் இங்கே தங்கியவர்கள் மீது விதித்த மூன்று பவுன் தலைவரியை எதிர்த்து எழுந்த வேலைநிறுத்தம் தொடங்கியது நியூகாசில் சுரங்கங்களில்தான். டிரான்ஸ்வாலிலிருந்து எல்லை கடந்து வந்த தமிழ்ப் பெண்களும் காந்தியாரின் தோழர் தம்பி நாயுடுவும் சுரங்கத் தொழிலாளரிடையே பேசினார்கள்; பெண்கள் சிறைக்குப் போனார்கள்; காந்தியார் இவ்வூரில் லாசரஸ் என்னும் தமிழ்க் கிறித்தவக் குடும்பத்தாரின் வீட்டில் தங்கினார். நவம்பர் 6-இல் சார்ல்ஸ்டவுனிலிருந்து எல்லையை நோக்கி நடந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரில் நிலக்கரி வெட்டியவர்கள் ஏராளம். அடுத்த ஆண்டு அந்த வரி நீக்கப்பட்டது. அவர்கள் வேலையை நிறுத்திய சுரங்கங்கள் அமைந்த அதே நிலக்கரி வட்டாரத்தை நம்பித்தான் அறுபது ஆண்டுகளுக்குப் பின் இங்கே உருக்காலை வந்தது.

ஒரு சூளைக்குள் என்ன நடக்கிறது?

சூளை என்றதும் வட்டமான ஒன்றை நினைக்க வேண்டாம். அது ஒடுங்கிய, நீண்ட, உயரமான அறை. அகலம் அரை மீட்டர் அளவே. நீளம் 12 முதல் 16 மீட்டர். உயரம் 4 முதல் 8 மீட்டர். இத்தகைய அறைகள் பல பத்து, அலமாரியில் புத்தகங்கள் போல அடுத்தடுத்து நிற்கும். இரண்டு அறைகளுக்கு நடுவே வாயு எரியும் சுவர். இந்த வரிசை முழுவதையும் பேட்டரி என்பார்கள்.

அரைத்துக் கலந்த நிலக்கரியை மேலே ஓடும் சார்ஜிங் கார், கூரையிலுள்ள துளைகள் வழியாகச் சூளைக்குள் கொட்டும். சூளையின் அளவைப் பொறுத்து ஒரு முறைக்கு 15 டன்னிலிருந்து 30 டன்னுக்கும் மேல் போகும். சுவரைத் தொட்டிருக்கும் நிலக்கரி உடனே சூடேறும். நடுவிலுள்ளது பல மணி நேரம் ஈரமாகவே இருக்கும். 350 பாகையைத் தாண்டியதும் நிலக்கரி இளகிக் கூழாகிறது. 500 பாகையை நெருங்கும்போது இறுகுகிறது. ஆகவே எந்த நேரத்தில் பார்த்தாலும் இரு சுவர்களையும் ஒட்டிக் கல்கரி, அதற்கடுத்து மெல்லிய கூழ்ப்படலம், நடுவே இன்னும் மாறாத நிலக்கரி என்ற அமைப்பு இருக்கும். இரண்டு கூழ்ப்படலங்களும் சுவரிலிருந்து நகர்ந்து நகர்ந்து நடுவில் வந்து சந்திக்கும். வெந்த கல்கரியின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் பிளவு அந்தச் சந்திப்பின் அடையாளம். பிறகும் சூடேறி, நடுப்பகுதி 1,000 பாகையை எட்டும்போது கல்கரி சுருங்கிச் சுவரைவிட்டு விலகுகிறது. ஊதுலைக் கல்கரிக்கு இதெல்லாம் முடிய 15 முதல் 20 மணி நேரம் ஆகும். வார்ப்படச் சாலைகளுக்கான பெரிய கட்டிகள் வேண்டுமென்றால் இன்னும் மெதுவாக வேகவிட வேண்டும்.

அந்தச் சுருக்கம் நடக்காவிட்டால் கல்கரி வெளியே வராது. அதனால்தான் நிலக்கரிக் கலவையைத் தீர்மானிக்கும்போது கல்கரியின் உறுதியை மட்டும் பார்த்தால் போதாது. அதிகம் உப்பும் நிலக்கரி அருமையான கல்கரி தரலாம், சுவரையும் உடைக்கலாம்.

வெந்த கல்கரியை எப்படி வெளியே எடுக்கிறார்கள்?

இருபுறமும் கதவுகளைக் கழற்றிவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து நீண்ட உலக்கை போன்ற எஃகுத் தண்டால் முழுவதையும் ஒரே தள்ளாகத் தள்ளுகிறார்கள். செந்நிறமாகத் தகிக்கும் கட்டிகள் மறுபக்கத்தில் நிற்கும் வண்டியில் சரிந்து விழும். வழுக்கிப் போவதற்காகவே, தள்ளும் பக்கத்தைவிட வெளியேறும் பக்கம் சில சென்டிமீட்டர் அகலமாகக் கட்டப்பட்டிருக்கும்.

தள்ளு எந்திரத்தை இயக்குபவரின் கண் மின்னோட்டமானியின் முள்ளை விட்டு அகலாது. தொடக்கத்தில் முள் ஒரு துள்ளு துள்ளி, கட்டி நகர்ந்ததும் இறங்க வேண்டும். இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் கல்கரி சுவரைக் கவ்விக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது நிறுத்திவிட வேண்டும். வலுக்கட்டாயமாகத் தள்ளினால் ஒரு சூளையின் கல்கரி வெளியே வரும், பக்கத்துச் சூளையோடு பகிர்ந்துள்ள சுவர் போய்விடும். உற்பத்திக் கணக்கை முடிக்க அவசரப்படும் மேலாளருக்கும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கும் எந்திரக்காரருக்கும் இடையே நான் கேட்ட வாக்குவாதங்களில் எந்திரக்காரர் பக்கம்தான் பெரும்பாலும் நியாயம் இருந்தது.

சூளைகளை 1, 2, 3 என்று வரிசையாகத் தள்ளுவதும் இல்லை. 1, 6, 11, 16 என்று ஒரு சுற்று, பிறகு 3, 8, 13 என்று அடுத்த சுற்று, இப்படித் தாண்டித் தாண்டிப் போவது பரவலான முறைகளில் ஒன்று. காலியான சூளையின் இருபுறமும் பாதி வெந்த சூளைகள் இருந்தால்தான் சுவரின் வெப்பமும் அழுத்தமும் சமநிலையில் இருக்கும்.

சூளைகளை ஏன் அணைக்கக்கூடாது? விடுமுறை நாளிலும் ஓடத்தான் வேண்டுமா?

ஓடத்தான் வேண்டும்; பொங்கலானாலும் ஈஸ்டரானாலும். சூளைச் சுவர்கள் சிலிக்கா செங்கற்களால் ஆனவை. அதிக வெப்பத்தில் எடை தாங்குவதில் இவற்றுக்கு நிகர் குறைவு. ஏறத்தாழ 600 பாகைக்கு மேல் இவற்றின் பருமன் மாறுவதே இல்லை எனலாம். ஆனால் அதற்குக் கீழே சிலிக்காவின் படிக அமைப்பு ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாறும். ஒவ்வொரு மாற்றத்திலும் செங்கல் விரியும் அல்லது சுருங்கும். ஆறவிட்ட சுவரில் ஆயிரக்கணக்கான இணைப்புகள் விரிசல் விட்டுவிடும். புதிய பேட்டரியை முதன்முதலில் சூடேற்றும்போது நாளொன்றுக்குச் சில பாகை வீதம் இரண்டு மூன்று மாதம் பொறுமையாக ஏற்றுவதும் இதனால்தான். ஒரு முறை ஏற்றிய வெப்பத்தை முப்பது நாற்பது ஆண்டுகள் இறங்கவிடாமல் காப்பதே பேட்டரி நடத்துவது என்பதன் சாரம்.

சந்தை சரிந்தால் என்ன செய்வார்கள்? வேகும் நேரத்தை நீட்டி உற்பத்தியைக் குறைப்பார்கள். அதுவும் போதாவிட்டால் சூளைகளைக் காலியாக்கி, வெளியிலிருந்து வாயு வாங்கி எரித்து, வெறும் சுவர்களைச் சூடாக வைத்திருப்பார்கள். ஒரு கிலோ கல்கரிகூட வராமல் பணம் மட்டும் எரியும் நிலை அது. கணக்காளர்களுக்கு இதை விளக்குவது எளிதன்று.

சில நிமிடங்களுக்கு ஒரு முறை எழும் வெள்ளை மேகம் என்ன?

அது பெரும்பாலும் நீராவி. தள்ளிய கல்கரி காற்றுப்பட்டால் எரிந்துவிடும் என்பதால் வண்டியை அணைப்புக் கோபுரத்தின் கீழ் நிறுத்தி மேலிருந்து தண்ணீர் கொட்டுகிறார்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் கல்கரி அணைந்துவிடும். ஒரு டன்னுக்கு ஏறக்குறைய அரை கன மீட்டர் தண்ணீர் ஆவியாகிப் போகும். அதோடு நுண்ணிய கல்கரித் தூளும் போகும் என்பதால் கோபுரத்துக்குள் தடுப்புப் பலகைகள் வைத்திருப்பார்கள்.

வெள்ளையைவிடக் கவனிக்க வேண்டியது பழுப்பும் மஞ்சளும். தள்ளும் நேரத்தில் அடர்ந்த பழுப்புப் புகை எழுந்தால் கல்கரி முழுதாக வேகவில்லை. கதவோரங்களிலிருந்து மஞ்சள் புகை கசிந்தால் கதவும் சட்டமும் சரியாகப் பொருந்தவில்லை. அங்கே இறுகிய தாரைச் சுரண்டி எடுக்காமல் கதவை மாட்டியிருப்பார்கள். தொலைவிலிருந்து பார்ப்பவரே ஓர் ஆலையின் பராமரிப்பை இந்த நிறங்களைக் கொண்டு ஓரளவு மதிப்பிட்டுவிடலாம்.

தண்ணீருக்குப் பதிலாக மூடிய அறையில் நைட்ரஜன் வாயுவைச் சுழற்றிக் கல்கரியை ஆற்றி, அந்த வெப்பத்தில் மின்சாரம் எடுக்கும் உலர்முறையும் உண்டு. ரஷ்யா, ஜப்பான், சீனா ஆகிய நாடுகளில் அது பரவலாக இருக்கிறது. கட்டும் செலவு மிக அதிகம்.

நிலக்கரியிலிருந்து வெளிவரும் வாயுவும் தாரும் எங்கே போகின்றன?

ஒரு டன் நிலக்கரியிலிருந்து சுமார் 750 கிலோ கல்கரியும் 300 கன மீட்டருக்கு மேல் வாயுவும் 30 முதல் 45 கிலோ தாரும் கிடைக்கும். சூளையை விட்டுக் கொதிக்கக் கொதிக்க வெளியேறும் வாயுவின் மீது அம்மோனியா நீரைத் தெளித்து 80 பாகைக்குக் குளிர்விக்கிறார்கள். தாரில் பெரும்பகுதி அங்கேயே பிரிந்துவிடும். பிறகு குளிர்விப்பான்கள், தார்ப்பனியைப் பிடிக்கும் மின்வடிகட்டி, அம்மோனியாவையும் பென்சாலையும் கழுவியெடுக்கும் கோபுரங்கள் என்று வாயு பயணிக்கும். தூய்மையான வாயுவில் பாதிக்கு மேல் ஹைட்ரஜன், கால்பங்கு மீத்தேன். அதில் ஏறத்தாழ 40 விழுக்காடு அதே சூளைகளைச் சூடேற்றத் திரும்பிவிடும்; மிச்சம் ஆலையின் மற்ற உலைகளுக்கும் கொதிகலன்களுக்கும் போகும். தாரைக் காய்ச்சி வடித்தபின் எஞ்சும் பிட்ச் என்னும் கறுப்புப் பொருளை எடுத்து அலுமினிய ஆலைகளின் மின்முனைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள்.

மின்வெட்டு நேரத்தில் என்ன ஆகும்?

லோட்-ஷெடிங் காலத்தில் பலரும் கேட்டது இது. சூளைக்குள் நிலக்கரி வெந்துகொண்டே இருக்கும். மின்சாரம் நின்றது அதற்குத் தெரியாது. வாயுவை இழுக்கும் விசிறி நின்றால் குழாயில் அழுத்தம் ஏறி, கதவு, மூடி என்று கிடைத்த இடுக்கிலெல்லாம் சுத்திகரிக்காத புகை பீறிடும். அதைத் தவிர்க்க, பேட்டரியின் மேல் நிற்கும் அவசரக் குழாய்களைத் திறந்து வாயுவைக் கொளுத்திவிடுவார்கள். அதனால் விசிறிக்கும் அம்மோனியா நீர்ப் பம்புகளுக்கும் மாற்று மின்சாரமோ நீராவியோ தயாராக இருப்பது கட்டாயம்.

சூளையில் வேலை செய்பவர்களின் உடல்நலம்?

இதை மழுப்பி எழுத முடியாது. கல்கரித் தயாரிப்பின்போது எழும் புகையை உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாக உறுதிப்பட்ட முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. நுரையீரல் புற்றுநோய் முதன்மையானது. ஆபத்து மிகுதி சூளைக்கு மேல்தளத்தில் நிற்பவர்களுக்கு. பென்சால் பிரிவில் இருப்பவர்களுக்கு, அதிலுள்ள பென்சீனால் இரத்தப் புற்றுநோய் வரும் அபாயம் உண்டு. மேல்தளத்தின் வெப்பத்தில் சாதாரண ரப்பர் அடிக்காலணி இளகிவிடும். மரத்தடி வைத்த காலணிகளை அங்கே அணிவது அதனால்தான்.

தென்னாப்பிரிக்காவில் 1993-ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டமும் அதே ஆண்டின் தொழில்நோய் இழப்பீட்டுச் சட்டமும் இவர்களுக்குப் பொருந்தும். ஓய்வு பெற்ற பின் நோய் கண்டறியப்பட்டாலும் இழப்பீடு கோரலாம். தாத்தா அல்லது அப்பா சூளையில் இருந்தவர் என்றால், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை எந்தத் தளத்தில் வேலை செய்தார் என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். நம் குடும்பங்களில் எல்லா இருமலையும் சிகரெட்டின் தலையில் கட்டிவிடும் வழக்கம் இருக்கிறது.

சுற்றுப்புறத்தாருக்குத் தகவல் பெறும் உரிமை உண்டா?

உண்டு. வாண்டர்பெயில்பார்க்கை உள்ளடக்கிய வால் முக்கோணப் பகுதி 2006-இல் காற்றுத் தர முன்னுரிமைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள மக்கள் அமைப்பான வால் சுற்றுச்சூழல் நீதிக் கூட்டணி, ஆலையின் பழைய சுற்றுச்சூழல் பெருந்திட்ட ஆவணங்களைக் கேட்டு வழக்குத் தொடுத்தது. தனியார் நிறுவனமானாலும் அவற்றைத் தந்தாக வேண்டும் என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014 நவம்பரில் தீர்ப்பளித்தது. நியூகாசில்காரர்களுக்கும் அந்தத் தீர்ப்பு உதவும்.

2025 தொடக்கத்தில் நியூகாசில் ஆலையின் நிலை என்ன?

நீள்வகை உருக்குப் பிரிவை (கம்பி, தண்டவாளம் போன்றவை) மூடும் எண்ணத்தை ஆர்செலர்மிட்டல் நிறுவனம் 2023 நவம்பரில் அறிவித்தது. பேச்சுவார்த்தைக்குப் பின் தள்ளிப்போட்டு, 2025 ஜனவரியில் மீண்டும் அறிவித்தது. மின்சாரம், ரயில் போக்குவரத்து, மலிவான இறக்குமதி ஆகியவற்றோடு, 2013 முதல் பழைய இரும்பை உள்நாட்டுச் சிற்றாலைகளுக்குக் குறைந்த விலையில் கிடைக்கச் செய்யும் அரசுக் கொள்கையையும் அது காரணமாகக் காட்டியது. பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கும் ஆலைக்குக் கல்கரியே தேவையில்லை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அந்த ஜனவரி அறிவிப்பிலேயே கவனிக்கத்தக்க ஒரு செய்தி இருந்தது: ஊதுலை நின்றாலும் கல்கரித் தயாரிப்பு குறைந்த அளவில் தொடரும் என்றது. வெளிச்சந்தையில் விற்கக்கூடிய பொருள் கல்கரி என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆறிப்போன பேட்டரிக்குத் திரும்ப உயிர் வராது என்பதும் மறக்கக்கூடியதன்று.

மூடிய பேட்டரியை மறுபடி தொடங்கவே முடியாதா?

ஊதுலையைச் சில காலம் மூடிவைத்து மீண்டும் ஊதலாம். ஆறிய சிலிக்காச் சுவர்களைப் பொறுத்தவரை, அடித்தளத்துக்கு மேலுள்ள செங்கற்கட்டைப் பெரும்பாலும் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். பல்லாயிரம் டன் செங்கல், நூற்றுக்கணக்கான வடிவங்களில், தனியாக வார்த்துத் தருவிக்கப்பட வேண்டும். ஹைட்ரஜனால் இரும்பைப் பிரிக்கும் முறைக்கு உலகம் நகரத் தொடங்கியிருக்கும்போது, நாற்பது ஆண்டுக்கு உழைக்கும் புதிய பேட்டரிக்கு இந்நாட்டில் எவரும் பணம் போடுவார் என்று நான் நினைக்கவில்லை. எனவே இப்போதுள்ள சுவர்களைச் செப்பனிட்டு, வெடிப்புகளில் சிலிக்காத் தூளை உருக்கித் தெளித்து ஒட்டி, கதவுகளைச் சுரண்டி, வெப்பத்தை இறங்கவிடாமல் எத்தனை ஆண்டு இழுக்க முடியும் என்பதைத்தான் சூளைத் தளத்தில் இருப்பவர்கள் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.